குடியானவர் குடும்ப வரலாறும் பட்டாக் கணக்கும்

வம்ச வரலாறு எழுதி அச்சிடும் வழக்கம் குடியானவர் குடும்பங்களில் இக்காலத்தில் பரவி வருகின்றது. குலதெய்வக் கோவிலின் குடமுழுக்கு, மூத்தோரின் சதாபிஷேகம் முதலிய சுபகாரியங்களை ஒட்டி, ஏழு எட்டுத் தலைமுறைப் பெயர்களைக் கிளை கிளையாக எழுதிப் பங்காளிகளுக்கு வழங்குகின்றனர். முன்னோரை மறவாதிருத்தல் நற்பண்பே. ஆயினும் இவ்வரலாறுகளில் ஒரு பெருங்குறை உண்டு. யார் யாருக்குப் பிறந்தார் என்பது அவற்றில் இருக்கின்றது. அவர்கள் எந்த நிலத்தை உழுதார்கள், எந்தக் கிணற்று நீரை இறைத்தார்கள், எந்த வருஷம் கடன்பட்டார்கள், எந்தப் பஞ்சத்தில் எதனை இழந்தார்கள் என்பது இல்லை. உழவனுடைய சரித்திரத்தில் உழவே இல்லாமற் போவது விநோதமன்றோ?

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தியும் கல்வெட்டும் உண்டு. குடியானவனுக்கு உள்ள கல்வெட்டு அவனது நிலத்தின் மூலையில் நட்ட சர்வே கல்லும், அக்கல்லைக் குறித்த கணக்குமேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் உழவர் குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர், பெயரைப் பிடித்துக்கொண்டு போவதை விட நிலத்தைப் பிடித்துக்கொண்டு போவதே சரியான வழி. அவ்விதம் போனால் கிடைக்கும் வரலாறு பெருமைக்கு மட்டும் உதவுவதன்று. நிலத்தைப் பங்கிடும்போதும், கிணறு வெட்டும்போதும், கடன் வாங்கும்போதும் உதவக்கூடியது. அதற்கான ஏடுகள் வருஷந்தோறும் கரையானுக்கும் மழைக்கும் இரையாகி வருகின்றமையால், இவ்வேலை காலதாமதத்தைப் பொறுக்காது.

இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல்

வரலாறு எழுதுவோர் பலர் ஆதியிலிருந்து தொடங்குகின்றனர். வடக்கேயிருந்து வந்தோம், இன்ன அரசன் மானியம் கொடுத்தான் என்று தொடங்கி, தம் பாட்டனார் காலத்துக்கு வருவதற்குள் களைத்து விடுகின்றனர். முறை இதற்கு நேர்மாறாக இருக்கவேண்டும். இன்று கையிலுள்ள பட்டாவே முதற்படி. அதிலுள்ள புல எண்ணைக் கொண்டு கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் தரம், விஸ்தீரணம், தீர்வை ஆகியவற்றோடு பழைய புல எண்ணும் தெரியவரும். 1979-ம் வருஷத்தில் தொடங்கி 1980-களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகளும் பட்டாதார் பெயர்களும் பெரிதும் மாற்றி எழுதப்பட்டன. ஆகையால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் இணைத்துக் குறித்துக்கொள்ளாமல் மேலே செல்வோர் வழி தவறுவது திண்ணம்.

அதற்கு முன்னுள்ள படி செட்டில்மெண்டு ரிஜிஸ்தர். சென்னை இராஜதானியில் ரயத்துவாரி கிராமங்களை வயல் வயலாக அளந்து, கல் நட்டு, மண்ணின் தரம் பிரித்துத் தீர்வை விதிக்கும் பெருவேலை 1850-களின் பிற்பகுதியில் திட்டமிடப்பட்டு, 1860-களிலிருந்து ஜில்லா ஜில்லாவாக நடந்தேறியது. முப்பது வருஷத்துக்கு ஒரு முறை தீர்வையைத் திருத்துவது அக்கால முறை. ஆகவே பல கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு ரிஜிஸ்தரும், அந்நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ மற்றொரு ரிஜிஸ்தரும் எழுதப்பட்டன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே வயல் தந்தை பெயரிலிருந்து மக்கள் பெயருக்கோ, குடியானவர் பெயரிலிருந்து கடன் கொடுத்தவர் பெயருக்கோ மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியும். சர்வேக்கு முந்திய காலத்துக்குப் பைமாஷ் கணக்கு உண்டு. 1860-களில் வந்த பதிவுச் சட்டங்களுக்குப் பிற்பட்ட கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பதிவு அலுவலகத்தின் அட்டவணைப் புத்தகங்களில் தேடலாம். மானிய நிலம் உடையவர்கள், 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷன் எழுதிவைத்த இனாம் ரிஜிஸ்தரைப் பார்க்கவேண்டும். மானியம் எவரால், எதன் பொருட்டு அளிக்கப்பட்டது என்று கமிஷன் விசாரித்த குறிப்பு அதில் இருக்கும். ஜமீன் கிராமத்தாருக்கு வழி வேறு. 1802-ம் வருஷத்து நிரந்தர ஒப்பந்த விதியின்கீழ் வந்த இராமநாதபுரம், சிவகங்கை முதலிய ஜமீன்களில் குடிகளுக்குப் பட்டா கொடுத்து முச்சலிக்கா வாங்கியவர் ஜமீன்தாரே. ஆகவே 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்திய செய்திகளுக்கு ஜமீன் தஸ்தாவேஜுகளைத் தேடவேண்டும்.

சென்னை எழும்பூரில் 1909-ம் வருஷத்தில் கட்டடம் பெற்று, 1973-ல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறிய பழைய ரிக்கார்டு ஆபீஸில் இவற்றுட் பல பாதுகாக்கப்படுகின்றன. உரிய அனுமதி பெற்றுப் பார்க்கலாம். ஜில்லாவின் பொது நிலைமையை அறிய அக்காலத்து ஜில்லா மானியுவல்கள் பெரிதும் உதவும். 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை, 1879-ல் ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி, 1883-ல் லெபானு எழுதிய சேலம், அதே வருஷத்தில் வெங்கசாமி ராவ் எழுதிய தஞ்சை, 1887-ல் நிகல்சன் எழுதிய கோயமுத்தூர் ஆகிய மானியுவல்கள் அவற்றுட் சில.

கணக்கைப் படிக்கும் வகை

பழைய ஏட்டைக் கையிலெடுத்தவருக்கு முதலில் மயக்கம் தருவது வருஷம். கிராமக் கணக்கு பசலி ஆண்டில் எழுதப்படுவது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரையில் உள்ள காலம். திருநெல்வேலிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு வழங்கும். அதோடு 824 அல்லது 825-ஐக் கூட்டவேண்டும். பிரபவ முதலிய அறுபது வருஷப் பெயர் மட்டும் எழுதிய பத்திரத்தில் எச்சரிக்கை மிக அவசியம். தாது வருஷம் என்றால் 1816, 1876, 1936 ஆகிய மூன்றுமாகலாம். தீர்வையையும் நாணயத்தையும் எழுத்துப் போக்கையும் கொண்டே எது என்று துணியவேண்டும்.

நாணயமும் அவ்வாறே. 1818-ம் வருஷத்துக்கு முன் வராகன், பணம், காசு என்று எழுதுவர். அவ்வருஷத்தில் ரூபாய் கணக்கு வந்தபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் ஏற்பட்டது. வராகன் என்ற சொல் அதற்குப் பின்னும் சில காலம் வழக்கில் இருந்தமையால், அதை மட்டும் கொண்டு காலத்தை முடிவுசெய்தல் ஆகாது. நில அளவையில் தஞ்சையில் வேலியும் மாவும், செங்கற்பட்டில் காணியும், தென் ஜில்லாக்களில் கோட்டை விதைப்பாடும் வழங்கின. ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர், ஐந்து காணி, அல்லது 20 மா, ஒரு வேலி, அது 6.6 ஏக்கருக்குச் சற்று மேல். “எங்கள் முன்னோர் நூறு காணிக்கு உடையவர்” என்ற பேச்சைக் கேட்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அந்நிலம் நஞ்சையா, புஞ்சையா, தரிசா என்பதையும் விசாரித்தல் நலம்.

மூன்றாவது மயக்கம் பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது மரபு. ஐம்பது வருஷமாக ஒரே பெயரில் பட்டா ஓடினால், அது ஒருவராக இருக்கலாம். பாட்டனும் பேரனுமாகவும் இருக்கலாம். தகப்பன் பெயரும், உடன் பங்காளிகள் பெயரும், எல்லைக்கு அடுத்த நிலத்தார் பெயரும் ஒத்துவந்தாலன்றி இன்னார் என்று எழுதிவிடக் கூடாது. இறந்தவர் பெயரிலேயே பட்டா பல வருஷம் நிற்பதும் கிராமத்தில் புதிதன்று.

நிலத்தின் பெயரும் ஒரு சாசனம். செட்டி காடு, ஒத்திக் காடு, புதுக்கிணற்றுத் தோட்டம் என்று வழங்கும் பெயர்களுக்குள் கிரயமும் கடனும் கிணறும் அடங்கியிருக்கும். இப்பெயர்கள் எந்த ரிஜிஸ்தரிலும் முற்றும் ஏறியிருப்பதில்லை. எழுபது எண்பது வயதான முதியோர் வாயில் மட்டும் இருக்கின்றன. அவற்றைப் புல எண்ணோடு சேர்த்து எழுதிவைப்பது ஒரு நாள் வேலை. முதியவர் காலமானபின் நூறு நாள் தேடினும் கிடையாது.

கணக்கு கூறும் மூன்று செய்திகள்

இவ்வளவும் சிரமப்பட்டுத் தேடியபின் தெரியவருவது என்ன? அரண்மனை வாழ்வு அன்று. தீர்வை, பஞ்சம், கடன் என்னும் மூன்றோடு ஒரு குடும்பம் நடத்திய போராட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடியானவர் வரலாறு.

முதலாவது தீர்வை. 1792-ல் பாராமகால் கும்பினியார் வசமானபோது ரீடு துரையும் அவருக்குக் கீழ் மன்றோவும் வகுக்கத் தொடங்கிய முறையே பின்னர் ரயத்துவாரியாக வளர்ந்தது. இடையில் 1808-க்குப் பின் சில காலம் கிராமங்களைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தனர். மன்றோ கவர்னராயிருந்த 1820 முதல் ரயத்துவாரியே பொது விதியாயிற்று. ஒவ்வொரு குடியானவனும் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டுவது இம்முறை. நடுவில் நிற்பவர் இல்லை என்பது நன்மை. ஆயினும் அந்நூற்றாண்டின் முற்பகுதியில் தீர்வை மிகக் கடினமாக இருந்தது. தானிய விலை தாழ்ந்திருந்த காலத்தில் ரொக்கமாகக் கட்டவேண்டியதாயிற்று. தீர்வை வசூலிப்பதில் நடந்த கொடுமைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட கமிஷன் 1855-ல் தந்த அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. கழுத்தில் மாட்டிய கயிற்றைக் கால்விரலின் கீழ்க் கொடுத்துக் குனிய வைத்துக் கட்டும் அண்ணாந்தாள், விரல்களை மரத்திடையில் வைத்து நெரிக்கும் கிட்டி முதலியவை அதில் விவரிக்கப்பட்டிருக்கின்றன. முன்னோர் ஒரு வயலை ஏன் ‘ராஜிநாமா’ செய்து விட்டுக்கொடுத்தார் என்று இன்றைய பேரன் வியப்பான். அக்காலத்தில் நிலம் வைத்திருப்பது சொத்தாக மட்டுமன்றிச் சுமையாகவும் இருந்தது என்பதை அந்த அறிக்கை விளக்கும்.

1850-களின் நடுவிலிருந்து விலைவாசி ஏறியது. 1856-ல் சென்னையிலிருந்து வாலாஜா வரையில் ரயில் ஓடியது. 1862-க்குள் பாதை கோயமுத்தூரைச் சார்ந்த போத்தனூர் வரையில் எட்டியது. 1861 முதல் 1865 வரையில் அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் பஞ்சு விலை உயர, கோயமுத்தூர், திருநெல்வேலி ஜில்லாக்களின் பருத்திக் குடியானவர் கையில் பணம் புரண்டது. கிராமத்தில் ஒரு குடும்பத்தின் பட்டாவில் அவ்வருஷங்களில் புதிய புல எண்கள் ‘தர்க்காஸ்து’ மூலமாகச் சேர்ந்திருந்தால், அதன் காரணத்தைக் கோவில் கதையில் தேடவேண்டாம். பஞ்சு விலையில் தேடவேண்டும்.

இரண்டாவது பஞ்சம். 1876-ல் பருவமழைகள் பொய்த்தன. தாது வருஷப் பஞ்சம் என்று இன்னும் கிழவிகள் வாயில் வழங்குவது அதுவே. 1871-ம் வருஷத்துக் குடிக்கணக்கில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881-ல் இருந்தவர் சுமார் 16 இலட்சமே. பத்து வருஷத்தில் பெருகவேண்டிய ஜனம், மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தது. இறந்தவரும் ஊரைவிட்டுப் போனவரும் இதில் அடக்கம். மனிதருக்கு முன் மாடுகள் மடிந்தன. மாடு இல்லாதவன் மறுவருஷம் மழை பெய்தும் உழ இயலாமற் போனான். ஆகவே பசலி 1286, 1287 ஆகிய இரு வருஷங்களின் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் தனியே தேடிப் பார்க்கவேண்டும். அடங்கலில் வயல் தரிசாகக் கிடந்ததா, ஜமாபந்தியில் வஜா கிடைத்ததா, கூட்டுப் பட்டாவில் இருந்த ஒரு சகோதரன் பெயர் அதன்பின் மறைந்ததா என்பவற்றைக் கவனிக்கவேண்டும். வம்சாவளியில் “சந்ததி இல்லை” என்று ஒரு வரியில் முடிக்கப்பட்ட கிளைகளுள் சில, உண்மையில் அந்த இரண்டு வருஷங்களில் அற்றுப்போன கிளைகளாக இருத்தல் கூடும்.

அந்தப் பஞ்சத்தில் எவர் தாக்குப்பிடித்தார் என்று பார்த்தால் வேளாண்மைக்குரிய பாடம் கிடைக்கின்றது. வற்றாத கிணறு இருந்த தோட்டமும், பட்டறையில் பழைய சோளமோ கம்போ இருந்த வீடும், தீவனப் போர் மிச்சம் இருந்த களமுமே நின்றன. பஞ்சத்துக்குப் பின் 1882-ல் சென்னை இராஜதானியில் விவசாய இலாகா ஏற்பட்டதும், கிணறு முதலிய நில அபிவிருத்திக்குக் கடன் கொடுக்க 1883-லும் விதை, மாடு முதலியவற்றுக்குக் கடன் கொடுக்க 1884-லும் சட்டங்கள் வந்ததும் இப்பாடத்தின் விளைவே. தக்காவிக் கடன் என்று வழங்கிய இக்கடனில் வெட்டிய கிணறுகள் பல ஊர்களில் உண்டு. தம் தோட்டத்துக் கிணறு எந்த வருஷம், எத்தனை முழம், எவர் கடனில் வெட்டப்பட்டது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? ஆழ்துளைக் குழாய் இறக்கி நீர்மட்டம் கீழே கீழே போகும் இந்நாளில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கமலை இறைத்தபோது நீர் எத்தனை முழத்தில் நின்றது என்ற ஒரு குறிப்பு, பத்து வம்ச மெய்க்கீர்த்திகளை விடப் பயனுள்ளது.

மூன்றாவது கடனும் பங்கும். ஒத்திப் பத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் நிலத்தை இழப்பதில்லை என்பது விளங்கும். கலியாணத்துக்கோ, மாட்டுக்கோ, கிஸ்திக்கோ வாங்கிய சிறு தொகைக்கு வயல் ஒத்தியாகி, வட்டி ஏறி, இரண்டாம் பத்திரத்தில் தொகை பெருகி, மூன்றாம் பத்திரத்தில் கிரயமாகின்றது. நிகல்சன் 1890-களில் நிலவங்கிகளைக் குறித்து அறிக்கை எழுதியதும், 1904-ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்ததும் இந்நோய்க்கு மருந்து தேடியே. பாகப்பிரிவினையின் கதையும் அத்தகையதே. ஒரு புலம் இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி வந்த வரலாறு உட்பிரிவு எண்களில் எழுதப்பட்டிருக்கின்றது. 2015-16-ம் வருஷத்து வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்நிலை எவ்விதம் வந்தது என்பதைத் தம் சொந்த நிலத்தின் கணக்கிலேயே கண்டவர், அடுத்த பங்கீட்டில் வரப்பை இன்னும் ஒரு முறை குறுக்கே போடுவதா, நிலத்தைச் சேர்த்து வைத்து விளைவைப் பங்கிடுவதா என்று சற்றே நின்று யோசிப்பார்.

பட்டாவில் இல்லாதவர்கள்

கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தீர்வை கட்டியவன் பெயரையே அது எழுதும். உழுதவன் பெயரை எழுதாது. அந்நூற்றாண்டின் பட்டாவில் பெண்கள் பெயர் அரிது. விதவையான தாய் பதினைந்து வருஷம் பண்ணையம் பார்த்து, கிஸ்தி கட்டி, மகனை ஆளாக்கியிருப்பாள். ரிஜிஸ்தரில் தகப்பன் பெயருக்குப் பின் மகன் பெயர் நேரே வந்துவிடும். வம்சாவளியிலும் அவள் பெயர் இன்னார் பாரியை என்பதற்கு மேல் இராது. தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத் திருத்தச் சட்டத்தால் மகளுக்கும் பிறப்பால் சமபங்கு ஏற்பட்டுவிட்ட இக்காலத்தில், வரலாற்றிலும் அவர்களுக்குரிய பங்கைக் கொடுத்தல் நியாயம்.

அவர்களைவிட அதிகமாக மறக்கப்பட்டவர்கள் பண்ணையாட்களும் படியாட்களும். 1843-ம் வருஷத்து 5-வது ஆக்ட் அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்பதை நிறுத்திற்று. ஆயினும் கடனாலும் வழக்கத்தாலும் கட்டுண்ட நிலைமை நெடுங்காலம் நீடித்தது. தஞ்சை, செங்கற்பட்டு முதலிய நஞ்சைப் பிரதேசங்களில் மிராசுதாரர் வீட்டு வரலாறு முழுவதும் இவர்களுடைய உழைப்பின் மேல் நிற்பது. 1877-ம் வருஷத் தொடக்கத்தில் பஞ்ச நிவாரண வேலை செய்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று டெம்பிள் துரை குறைத்தபோது, அது உயிர் தாங்கப் போதாது என்று சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அந்தக் கூலி வரிசையில் நின்றவர்களுட் பெரும்பாலோர் பட்டா இல்லாதவர்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் கப்பலேறிய உழவர் குடும்பங்களின் வரலாறு பிறந்த ஊரின் எந்தப் பட்டாவிலும் இல்லை. போன தேசத்தின் கப்பல் பட்டியலிலேதான் இருக்கின்றது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர் அந்த ஜில்லாவின் ஆதிதிராவிடரது நிலைமையைப் பற்றி எழுதிய குறிப்பின் விளைவாக, 1892-ம் வருஷத்தில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று வழங்கும் அந்நிலங்கள் எவரிடமிருந்து எவர் கைக்குப் போயின என்பதும் கிராம வரலாற்றின் ஒரு பகுதியே. கிராம வரலாறு எழுதுகின்றோம் என்று சொல்லி அப்பக்கத்தைக் கிழித்துவிடுவது நேர்மை அன்று.

ஆகவே நிலமுடைய குடும்பத்தார் தம் வரலாற்றை எழுதும்போது, தம் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் எவை, அவர்களுக்குக் களத்தில் என்ன படி அளந்தார்கள், அவர்கள் சந்ததியார் இன்று எங்கே இருக்கின்றனர் என்பதையும் விசாரித்து, அவர்கள் சம்மதத்துடன் அவர்கள் சொல்லும்படியே எழுதவேண்டும். அது தயை அன்று. கணக்கைச் சரியாக முடிப்பது.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

பழைய ஓலையைத் திறந்தால் பழைய வழக்கும் திறக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. இந்த அச்சத்தை அற்பமென்று தள்ளக்கூடாது. பங்காளிச் சண்டை மூன்று தலைமுறை எரிந்த கிராமங்கள் பல. ஆனால் 1880-ம் வருஷத்துக் கணக்கில் ஒருவர் பெயர் இருப்பதனால் மட்டும் இன்றைக்கு அவர் சந்ததிக்கு உரிமை உண்டாகிவிடாது. பட்டாவும் வருவாய்க் கணக்கின் சான்றேயன்றித் தானே முழு உரிமை மூலமாகாது என்று நீதிஸ்தலங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. மேலும், உண்மை தெரியாத இடத்தில்தான் வதந்தி வளர்கின்றது. “உன் பாட்டன் என் பாட்டனை ஏமாற்றி எழுதி வாங்கினான்” என்ற பேச்சுக்கு மருந்து பத்திரமே. அது ஏமாற்றமா, கடனா, கிஸ்திக்கு விட்டுக்கொடுத்ததா என்பதைப் பத்திரம் சொல்லும். சில இடங்களில் அது உண்மையான ஏமாற்றமாகவே இருக்கலாம். அதையும் அறிந்து வெட்கப்படுவது, அறியாமல் பெருமைப்படுவதை விட மேலானது.

இவ்வளவு சிரமத்தால் ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடுதலாக விளையுமா என்று கேட்போரும் உண்டு. நேரே விளையாது. ஆனால் எந்த வயல் தொன்றுதொட்டு உவர், எந்த வயலில் முன்னொரு காலத்தில் ஏரிப்பாய்ச்சல் இருந்தது, எந்த வாய்க்கால் எவர் காலத்தில் அடைபட்டது, மானாவாரியில் எந்தப் பயிர் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை தவறியது என்பவற்றை வயதுவாரியாக அறிந்தவன், அறியாதவனைப் போலப் பயிர் செய்யமாட்டான். மண் பரிசோதனை இந்த வருஷத்து மண்ணைச் சொல்லும். நூறு வருஷத்து அடங்கல் அந்த மண்ணின் குணத்தைச் சொல்லும்.

செய்யவேண்டியவை

ஒவ்வொரு நிலமுடைய குடும்பமும் நிலவரலாற்றுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு பக்கம் போதும். நிலத்தின் ஊர்ப்பெயர், இப்போதைய எண், பழைய எண், தரம், விஸ்தீரணம், எவர் மூலம், எந்த வருஷம் வந்தது, கிணறு, குளம், வாய்க்கால், மரம், ஒத்தியும் மீட்பும், பஞ்ச வருஷத்து நிலைமை, உழைத்த குடும்பங்கள் என்ற தலைப்புகளில் எழுதலாம். சான்று கண்டதைச் சான்றோடும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதவேண்டும். ஓலையையும் பழைய பத்திரத்தையும் அடுப்புப் பரணில் வைத்தல் ஆகாது. பசை போட்டு ஒட்டுதலும் ஆகாது. ஈரமில்லாத பெட்டியில் துணி சுற்றி வைத்து, படமெடுத்துப் பிரதிகளைப் பங்காளிகளுக்குக் கொடுத்துவிட்டால், ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் பிழைக்கும்.

கிராம அலுவலர்களின் பொறுப்பு இதினும் பெரிது. பரம்பரையாக வந்த கர்ணம், கிராம முன்சீப் உத்தியோகங்கள் 1980-ம் வருஷம் நவம்பரில் ஒழிக்கப்பட்டு, அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். பரம்பரை ஒழிந்தது நியாயமே. ஆயினும் அம்மாற்றத்தில் சர்க்கார் கைக்கு வராமல் பழைய கர்ணத்தின் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்ட ஏடுகள் பல ஊர்களில் இருத்தல் கூடும். அவை வேண்டாத குப்பை என்று அவ்வீட்டார் எரித்துவிடுமுன், அலுவலர் நேரிற் சென்று கேட்டு, ஜாபிதா எழுதி, தாலுக்கா அலுவலகத்தின் மூலம் பத்திரப்படுத்த முயலவேண்டும். அலுவலகத்தில் உள்ள பழைய அடங்கலையும் சிட்டாவையும் கணினியில் ஏறிவிட்டதென்று அலட்சியம் செய்யலாகாது; கணினியில் ஏறியது இன்றைய நிலைமை, ஏட்டில் இருப்பது அது வந்த வழி. பார்க்க விரும்பும் குடியானவருக்கு விதிக்குட்பட்டு அவற்றைக் காட்டுவதும், ஏழை எளியோர் தம் முன்னோர் நிலத்தைப் பற்றிக் கேட்கும்போது எரிச்சலின்றி விடை சொல்லுவதும் உத்தியோக தர்மமேயாகும்.

நிலம் கைமாறும், குடும்பம் கிளைக்கும், சிலர் பட்டணத்துக்குப் போவர், சிலர் கடல் தாண்டிப் போவர். இவற்றைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் எந்த நிலத்தின் விளைவை உண்டு இக்குடும்பம் இவ்வளவு தூரம் வந்தது, அந்த விளைவுக்கு எவர் எவர் வியர்வை சிந்தினர் என்பதை எழுதிவைத்துப் போவது ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடன். இந்தக் கோடையில், அறுவடை முடிந்து வேலை குறைந்த நாட்களில், குடும்பத்து மூத்தவர் ஒருவரையும் படித்த பிள்ளை ஒருவனையோ பெண் ஒருத்தியையோ உட்கார வைத்து, ஒரே ஒரு புல எண்ணை மட்டும் எடுத்துத் தொடங்கினால் போதும். மற்றவை தாமே தொடரும்.